பம்பில் சுற்றிய எர்த் கம்பி

தொண்ணூறுகளின் கடைசியில் ராயபுரத்தில் நாங்கள் இருந்த காம்பவுண்டில் நான்கு குடித்தனம், ஒரே அடிபம்பு. எங்கள் ஹாலில் கிரைண்டரை வைத்தால் ஆள் படுக்க இடமிருக்காது. வெளியே பம்படியில் ஒரு பிளக் பாயிண்ட் வேண்டும் என்று அம்மா நச்சரித்துக்கொண்டே இருந்தாள். ஹார்பரில் வேலை பார்த்த நைனாவுக்குத் தெரியாத வேலையே உலகத்தில் கிடையாது, அவர் நினைப்பில். எலக்ட்ரீஷியன் என்று அம்மா வாயெடுத்தாலே, "கப்பலுக்கே லைட்டு போடறவன் நானு" என்பார். கப்பலில் அவர் போட்டது சரக்குக்குச் சங்கிலி மட்டும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த கையோடு ஆரம்பித்தார். ஹால் சுவிட்ச் போர்டிலிருந்து ஒயரை இழுத்து, ஜன்னல் வழியாக வெளியே விட்டு, சுவரில் பிளக் பாயிண்டை அறைந்தார். அதற்கு மூடி கிடையாது, சுவிட்ச்கூட கிடையாது. பழைய வீடு, எர்த் எங்கேயும் இல்லை. அதனால் எர்த்துக்கு ஒரு கம்பியை எடுத்து அடிபம்பின் கழுத்தில் சுற்றிவிட்டார்.

"பூமிக்குள்ள போற குழாயி. இத்தவிட இன்னா எர்த்து வேணும்?"

அதற்கு முந்தின கோடையில்தான், உப்பு அரித்த இரும்புக் குழாயை உருவிவிட்டு பிளாஸ்டிக் குழாய் இறக்கியிருந்தோம். இறக்கிய ஆட்களில் நைனாவும் ஒருவர். ஆண்டவரே, அதையா ஒரு மனுஷன் மறப்பான்!

சில மாதம் நன்றாகத்தான் ஓடியது. கிரைண்டரின் கடகடப்புக்கு மேலே குரல் எழுப்பிப் பெண்கள் ஊர்க்கதை பேசுவார்கள். அந்தச் சாயங்காலங்கள் திரும்பக் கிடைக்காதா என்று இன்றும் ஏங்குகிறேன்.

மழைக்காலம் வந்தது. சாரல் பிளக் பாயிண்டுக்குள் இறங்க, கரண்ட் எர்த் கம்பி வழியாகப் பம்புக்கு வந்துவிட்டது. கீழே பிளாஸ்டிக் குழாய் என்பதால் மண்ணுக்குப் போக வழியில்லை. அம்மா குடத்தை வைத்துக் கைப்பிடியைப் பிடித்தாள். பிடித்த கை விடவில்லை, வாயிலிருந்து சத்தமும் வரவில்லை. பக்கத்து வீட்டு அக்காதான் பார்த்தாள். நல்லவேளை, அம்மாவைத் தொடாமல் எங்கள் வீட்டுக்குள் ஓடி மெயினை அணைத்தாள். அம்மா அப்படியே சரிந்து விழுந்தாள்.

உயிர் தப்பியது. ஆஸ்பத்திரியில் நைனா கட்டிலருகே தரையில் உட்கார்ந்தே கிடந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பிறகு எலக்ட்ரீஷியன் வந்தார். பம்பில் சுற்றிய கம்பியை வெட்டி எறிந்தார். தனியாகக் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி எர்த் இறக்கினார். வெளியே மழை புகாத பெட்டி, உள்ளே கரண்ட் கசிந்தால் தானே அணையும் டிரிப்பர். எல்லாவற்றையும் சோதித்தும் காட்டினார். ஆனாலும் பம்பை ஒருத்தரும் தொடவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக் குழாய்க்கு நடந்தார்கள்.

"எங்க வூட்லயும் புள்ளைங்க கீதுண்ணே" என்றாள் அக்கா நைனாவிடம்.

மறுநாள் காலையில், ஒரு குடம் தண்ணீர் அடித்து அறியாத அந்த மனுஷன் வெறுங்காலோடு பம்படியில் போய் நின்றார். கையை நனைத்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்தார். எல்லாரும் அவரவர் வாசலிலேயே நின்று பார்த்தார்கள். அம்மா மட்டும் இறங்கிப் போனாள். வலது கை அவளுக்கு இன்னும் மரத்துப்போய்த்தான் இருந்தது. இடது கையால் கைப்பிடியை, அவர் கையோடு சேர்த்துப் பிடித்தாள்.

"இன்னாய்யா, தனியா போய்ட்லாம்னு பாக்கிறியா? நவுரு, நானும் அடிக்கிறேன்."