கோடிங் அக்கா

பெங்களூரில் நான் வேலை பார்த்த மெடிக்கல் கோடிங் ஆபீசில் பக்கத்து சீட்டு அக்கா, அந்த ஊரிலேயே தமிழர்கள் நிறைந்த மர்பி டவுன்காரர். மூளை ரத்தக்குழாய் புடைத்தவர்களின் ஆபரேஷன் குறிப்புகளைப் படித்து, இன்சூரன்ஸ் பில்லுக்கான 'கோட்' எண்களைப் போடுவார். படிக்கும்போது, கத்தி போன வழியைத் தன் தலையில் விரலால் வரைந்துகொள்வார்.

ஒருநாள் திடீரென வந்த தலைவலியில் மேஜைமேல் சாய்ந்துவிட்டேன். டீம் லீடர் மாத்திரை நீட்டினார். அக்கா தடுத்தார்.

"இதுக்கு முன்னாடி இப்படி வலிச்சிருக்கா?"

"இல்லக்கா. இடி விழுந்த மாதிரி இருக்கு."

"நான் படிக்கிற கேஸ் எல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்குது," என்று ஆம்புலன்ஸை வரவழைத்தார்.

எனக்கும் அதே புடைப்புதான் வெடித்திருந்தது; பிழைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த அக்கா, நலம் விசாரிக்காமல் என் தலையையே பார்த்தார்.

"கட்டு இல்லையே... தலையைத் திறக்காம, தொடை ரத்தக்குழாய் வழியா கம்பி விட்டு, புடைப்பை அடைச்சாங்களா?"

"ஆமாக்கா."

அவர் முகம் மலர்ந்தது எனக்காகவா, விடை கிடைத்ததற்காகவா என்று இன்னும் தெரியவில்லை.