போனை உடைத்தவரும் வழக்குப் போடப் போன நானும்

வக்கீல் முதலில் கேட்டதே, "பாப்பாவோட போன் எங்க?" என்றுதான். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார்.

"உடைச்சிட்டாரும்மா" என்றேன்.

"உடைஞ்சாலும் பரவால்ல, எடுத்துட்டு வாங்க. உள்ள இருக்கறத வெளிய எடுக்கற ஆளுங்க இருக்காங்க."

"உடைச்சி, பக்கெட் தண்ணியில ஊற வெச்சி, குப்பை வண்டியில போட்டுட்டாரு."

வக்கீலம்மா பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டார். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. இந்த மாதிரிக் கூத்தை நிறையப் பார்த்தவர் போலத்தான் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் முட்டாள் இல்லை. அவர் வேலை அப்படி. ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில்தான் இரண்டு பேருக்கும் வேலை. நான் மேல்தோல் தையலைச் சரிபார்க்கிறவள். அவர் ரிஜெக்ட் ஆன ஷூக்களை வெட்டுகிறவர். வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் பெயர் அச்சடித்த ஷூவில் கோளாறு இருந்தால், அதைத் தள்ளுபடி விலைக்கு ரோட்டோரக் கடையில் விற்கக் கூடாது. குறுக்கே வெட்டி, பெயரைச் சிதைத்து, யாருக்கும் உதவாமல் பண்ண வேண்டும். கோளாறு என்றால் தடயம் இல்லாமல் ஒழிக்க வேண்டும், அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதையே வீட்டிலும் செய்தார். உடைக்கிறதுக்கு முன்னால் மகள் தலைமாட்டில் நின்று, அவள் கையாலேயே வீடியோ ஆப்பில் இருந்த அவள் கணக்கையும் அழிக்க வைத்தார். "இனிமே இது யார் கைக்கும் போவாது" என்று பெருமை வேறு.

மகள் பதினொன்றாவது படிக்கிறாள். தலை பின்னுகிற வீடியோ பார்க்கத்தான் அந்த ஆப்புக்குள் போனாள். பிறகு ஒல்லியான பெண்கள் வந்தார்கள். என்ன சாப்பிடுகிறேன், என்ன சாப்பிடவில்லை என்று சொல்லிக்கொண்டு இடுப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிற பெண்கள். இவள் ஒன்றை நின்று பார்த்தால் அது இன்னும் பத்தைக் கொண்டுவந்து கொட்டும். இவள் தேடிப் போகவில்லை, அதுதான் இவளைத் தேடி வந்தது. சோற்றைத் தட்டில் பரப்பி வைத்து எழுந்து போவாள். கேட்டால் பள்ளியில் சாப்பிட்டேன் என்பாள். பள்ளியில் கேட்டால் வீட்டில் சாப்பிட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். ஒரு நாள் காலைப் பிரேயரில் மயங்கி விழுந்தாள். வேலூர் ஆஸ்பத்திரியில் அட்மிட் பண்ணினோம். இது அடம் இல்லை, நோய் என்று டாக்டர் சொன்னார். கொஞ்ச காலம் அந்தப் பக்கமே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், திட்டாதீர்கள் என்றும் சொன்னார். திட்டாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என் தெருவுக்கே தெரியும்.

வெளிநாட்டில் பெற்றவர்கள் இந்த ஆப் கம்பெனிகள் மேல் கேஸ் போடுகிறார்கள் என்று வேலையிடத்தில் ஒரு பெண் செய்தி காட்டினாள். அன்றைக்குத்தான் எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது. ஒரு தையல் விட்டுப்போனால் ஷூ வாங்குகிறவன் மொத்த லாட்டையும் கடல் தாண்டித் திருப்பி அனுப்புகிறான். நாங்கள் பதில் சொல்கிறோம். என் பிள்ளையைப் பாதி ஆளாக்கியவன் யாருக்குப் பதில் சொல்கிறான்? அதனால்தான் லீவு போட்டு, பஸ் ஏறி, வேலூரில் அந்த வக்கீல் ஆபீசுக்குப் போனேன்.

"நுகர்வோர் கோர்ட்டுக்குப் போலாமாம்மா?" என்றேன்.

"அங்க போனா முதல்ல இன்னா கேப்பாங்கன்னா, காசு குடுத்து வாங்குனீங்களான்னு. இது இலவசம்."

"எம் பொண்ணுக்கு நடுவுல நடுவுல விளம்பரம் காட்டி சம்பாதிச்சானே, அது யார் காசு?"

"நியாயந்தான். வாதாடலாம். ஜெயிப்போம்னு சொல்ல மாட்டேன்."

அடுத்து, கம்பெனியே ஒரு குறைதீர்க்கும் அதிகாரியை வைத்திருக்க வேண்டும், அவருக்கு எழுதலாம் என்றார். அவன் ஆளிடமே அவனைப் பற்றிப் புகாரா என்றேன். பதில் சரியில்லை என்றால் அதற்கு மேலே அப்பீல் பண்ண ஒரு குழு இருக்கிறதாம். குழந்தைகள் உரிமை ஆணையத்துக்கும் மனு போடலாமாம். பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள் என்று பின்தொடரக் கூடாது என்று புதுச் சட்டம் ஒன்று வந்திருக்கிறதாம். ஆனால் அது இன்னும் முழுசாக நடைமுறைக்கு வரவில்லையாம். வந்து அபராதம் போட்டாலும் அது சர்க்காருக்குத்தான் போகுமாம்.

"அப்போ சட்டம் யாருக்கு?" என்று என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"நீ சும்மா இருய்யா. சாட்சிய ஊற வெச்சவன் சட்டம் பேச வந்துட்டான்" என்றேன்.

வக்கீலம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கடைசி வழியைச் சொன்னார். சிவில் கோர்ட்டில் நஷ்ட ஈடு வழக்கு. மைனருக்காகத் தாய் போடலாம். வருஷக்கணக்கில் இழுக்கும். எதற்கும் ஆதாரம் வேண்டும்: அவளுக்கு எதைக் காட்டினார்கள், எவ்வளவு நேரம் காட்டினார்கள்.

"அழிச்ச கணக்க கொஞ்ச நாளைக்குள்ள திரும்பத் தொறக்கலாம்மா. தொறந்து, உள்ள இருக்கற எல்லாத்தையும் கேட்டு வாங்கணும். நாள் தாண்டிட்டா அவ்ளோதான். ஆனா பாஸ்வேர்டு பாப்பாவுக்குத்தான் தெரியும்."

திரும்பும்போது பஸ்ஸில் பள்ளிகொண்டா தாண்டும்வரை இதையே மனசில் போட்டு உருட்டிக்கொண்டு வந்தேன். டாக்டர் தொடாதே என்கிறார். வக்கீல் திற என்கிறார். மகள் அப்போதுதான் ஒரு தோசை முழுசாகத் தின்ன ஆரம்பித்திருந்தாள்.

டாக்டரைக் கேட்டேன். அவள் பார்க்க வேண்டாம், வேறு யாராவது திறக்கட்டும், ஆனால் முதலில் அவளைக் கேளுங்கள் என்றார். வீட்டில் அவளைக் கேட்டேன்.

"உனக்கு இன்னாமா பைத்தியமா? அப்பா அழின்னாரு, அழிச்சேன். இப்ப நீ தொறன்ற. ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க, நான் தூங்கறேன்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவள் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது? எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. எல்லார்மேலும் வந்தது. இரண்டு நாள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மூன்றாம் நாள் துணி மடிக்கும்போது அவளே கேட்டாள்.

"மா, கேஸ் போட்டா அத யாரு யாரு படிப்பாங்க?"

எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு கேள்வி கேட்ட நான் இதைக் கேட்காமல் வந்திருக்கிறேன். உடனே வக்கீலுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து அவள் கையில் கொடுத்தேன். அவர் ஒளிக்கவில்லை. ஜட்ஜ் படிப்பார், கம்பெனியின் வக்கீல்கள் படிப்பார்கள், பேரை வெளியே விடாமல் வைக்கச் சொல்லிக் கேட்கலாம், நீ தேடியது, எழுதியது எல்லாம் அதில் இருக்கும் என்றார்.

"இருக்கும்" என்று இவளும் சொல்லி, போனை என்னிடம் நீட்டினாள். முகம் வெளுத்திருந்தது. நான், "வேணாம்டி, விட்டுடலாம்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

"ஏன் விடணும்? நான் இன்னா திருடுனேனா? ஊர் பேர் தெரியாதவங்க படிச்சா படிக்கட்டும். அப்பா மட்டும் படிக்கக் கூடாது."

அடுத்த வாரம் மூன்று பேரும் வேலூர் போனோம். பாஸ்வேர்டை ஒரு துண்டுத்தாளில் எழுதி வக்கீலம்மா கையில் கொடுத்துவிட்டு, அவள் கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ஜூனியர் பெண் ஒருத்தி தட்டினாள். திறந்தது. இருக்கிற எல்லாவற்றையும் கேட்டு கம்பெனிக்கு எழுதினார்கள். வந்து சேர நாளாகும் என்றார்கள். வந்தாலும் கேஸ் நிற்குமா என்று சொல்ல முடியாது என்றார்கள். சொல்ல முடியாது, பார்க்கலாம், கேட்டுப் பார்ப்போம். இந்த மூன்று பேச்சையும் கேட்டுக் கேட்டு எனக்குப் பேஜாராகிவிட்டது. இருந்தாலும் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டேன்.

"வீட்டுக்காரர் எங்கம்மா?" என்றார் வக்கீலம்மா.

யாரும் சொல்லாமலே அவர் வாசற்படிக்கு வெளியே, செருப்பு விடுகிற இடத்தில் நின்றிருந்தார். மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அங்கியே இருப்பா, முடிஞ்சதும் கூப்புடறேன்" என்றாள். தலையை ஆட்டினார்.