ஆய்வகத்து உம்மணாமூஞ்சி

மருத்துவமனை ஆய்வகத்தின் ஜன்னலில் தட்டும் சத்தம் கேட்டால், சொல்லிக்கொண்டிருந்த ஜோக்கைப் பாதியில் நிறுத்தி, வாயிலிருக்கும் சிரிப்பை விழுங்கிவிட்டுத்தான் அந்த லேப் டெக்னீஷியன் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார். ரத்தம் நிரப்பிய கண்ணாடிக் குழாயை வாங்கி, அதில் ஒட்டியிருக்கும் பெயர், வயது, படுக்கை எண் மூன்றையும் வாய்விட்டுப் படிப்பார். "சரி, நீங்க போங்க" என்பார். வெளியே நிற்பவருக்கு அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது, ஒரு புன்னகையும் கிடையாது.

ஆய்வக இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். அந்த மருத்துவமனைக்குப் பன்னிரண்டு வருடங்களாகப் போய்வருகிறேன். கதவுக்கு உள்ளே அவரைப் போல ஒரு வாயாடியைப் பார்க்க முடியாது. பெரிய டாக்டர் தும்முவதை அப்படியே தும்மிக் காட்டுவார். என் பையைத் திறந்து பிஸ்கட்டை எடுத்துத் தின்பார். ரத்தத்தைச் சுழற்றும் இயந்திரத்தில் ஒற்றைக் குழாய் வைக்க நேர்ந்தால், ஆட்டம் வராமலிருக்க எதிர்ப்பக்கம் தண்ணீர்க் குழாய் ஒன்றை வைத்து, "தொணைக்கு ஆள் வேணுமில்ல?" என்பார். மேல்மாடிச் செவிலியர்கள் அவரை ஜன்னல் வழியாக மட்டுமே அறிந்தவர்கள். அவர்கள் வைத்த பெயர் உம்மணாமூஞ்சி. "என் சம்சாரம் வெச்ச பேருக்கு இது எவ்வளவோ தேவல" என்பார் அவர்.

ஏன் இந்த முகம் என்று ஒருநாள் கேட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மகனின் ரிப்போர்ட் நன்றாக வந்த சந்தோஷத்தில் ஒரு தாயிடம் பல்லைக் காட்டிவிட்டாராம். மறுநாள் அதே பையனின் ரிப்போர்ட் சரியில்லை.

"அன்னிக்கு என்னால சிரிக்க முடியல. அந்தம்மா என் மூஞ்சியப் பாத்துட்டு அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. டாக்டர் இன்னும் வாயே தொறக்கல. ஒரு தடவை சிரிச்சுட்டோம்னா, அப்புறம் சிரிக்காம இருக்கறதே சேதியாயிடுதுங்க."

அன்றிலிருந்து எல்லோருக்கும் ஒரே முகம்.

சென்ற மாதம் நான் ஒரு இயந்திரத்தைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்த நாளில் ஒரு பெயின்டர் வந்து நின்றார். நகக்கண்ணில் வெள்ளைப் பெயின்ட் காய்ந்திருந்தது. அவர் மனைவி மேலே தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். மூளையில் ரத்தக் கசிவு, அறுவை சிகிச்சை செய்தே ஆகவேண்டும். ஆனால் ரத்தத்தில் ட்ரோபோனின் ஏறிக்கொண்டிருந்தது. இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கலக்கும் பொருள் அது. அது இறங்கத் தொடங்கினால்தான் மயக்க மருந்து கொடுக்கத் துணிவோம் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். காலையில் நானூற்றுப் பத்து. மதியம் ஆயிரத்து நூற்று அறுபது.

"மண்டையிலதானே சார் ரத்தம்? நெஞ்சுக்கு என்ன வந்துச்சு? நாலு மாடி ஏறினாலும் அவளுக்கு மூச்சு வாங்காதே!" என்றார் பெயின்டர்.

ஜன்னலில் இருந்த முகம் அசையவில்லை. குரல் மட்டும் இறங்கி வந்தது. "மூளை பதறிப்போய் இதயத்தப் போட்டு விரட்டும் தம்பி. அது பாவம், ஓடி ஓடி அடிபட்டுக்கும். நெறைய பேருக்கு அதுவே தேறிக்கும். மத்தத டாக்டர் சொல்வாரு."

அந்த ஜன்னலில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதேயில்லை.

சாயங்காலம் மூன்றாவது குழாயைக் கைக்குள் பொத்திக் கொண்டுவந்தார் பெயின்டர். கொடுத்துவிட்டுப் போகாமல் எதிர்ச் சுவரோரம் குந்திக்கொண்டார். முடிவு வர பதினெட்டு நிமிடம். அதுவரை நம் வாயாடி என் பிஸ்கட்டைக்கூடத் தொடவில்லை. திரையில் எண் வந்தது: எழுநூற்று இருபது. இறங்கிவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் மேல்மாடிக்குப் போன் போட்டு எண்ணை இரண்டு முறை சொன்னார். பிறகு அதே முகத்தோடு ஜன்னலுக்குப் போனார்.

"டாக்டருக்குச் சொல்லியாச்சு. மேல போய்ப் பாருங்க."

பெயின்டர் அந்த முகத்தில் என்னென்னவோ தேடினார். ஒன்றும் கிடைக்காமல் மாடிப்படிப் பக்கம் நடந்தார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் குடி முழுகிப் போய்விடுமா? கேட்டுவிடலாம் என்று எழுந்தேன்.

அவர் கதவை ஓசைப்படாமல் திறந்து, தலையை மட்டும் வெளியே நீட்டி, படியேறுகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் போய் நின்ற எனக்குப் பக்கவாட்டில் அந்தக் கன்னம் தெரிந்தது. வாயெல்லாம் பல்.

திருப்பத்தில் பெயின்டர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். ஒரு கணம் கைப்பிடியைப் பற்றியபடி நின்றார். பிறகு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார்.

இவர் கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்தார்.

"பாத்துட்டாருங்க" என்று சொல்லி, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.