வரதராசா கழுவிய தாள்

வரதராசாவுக்கு முன்பற்கள் நான்கு இல்லை. அவை போன கதையை மூன்று விதமாகச் சொல்வார். மூன்றிலும் வீரம் அவருடையதுதான். பாரிஸின் ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் இருபத்திரண்டு வருடமாகச் சட்டி கழுவுகிறார். 2014இல் மகள் லக்சிகாவுக்குக் கலியாணம் பொருந்தியபோது அவள் கேட்ட சீதனம் ஒன்றுதான்.

"அப்பா, படத்திலை பல்லோடை நில்லுங்கோ. இல்லாட்டி வாயை மூடிக்கொண்டு நில்லுங்கோ."

பல் கட்டக் காசில்லை. ஆனால் மேல்மாடித் தெரேஸ் கிழவி, பத்து வருடம் தன் மரக்கறிப் பையைச் சுமந்தவருக்கு, சாகுமுன் ஒரு பழைய பணத்தாளைக் கொடுத்திருந்தார். ஐயாயிரம் பிராங்க், நான்காம் ஹென்றி ராசாவின் தாடி முகம். அதன்மேல் 'புதிய பிராங்க் 50' என்று இன்னோர் அச்சு. 1960இல் பிரான்ஸ் தன் பணத்தில் இரண்டு சைபரை வெட்டியபோது, பழைய தாள்கள் சிலவற்றின் மேலேயே புதுப் பெறுமதியை அடித்து வெளியே விட்டது. இது வரதராசாவுக்குத் தெரியாது. சமையல்காரன் கரிகாலனுக்குத் தெரியாததோ ஒன்றுமில்லை.

"அண்ணை, உதிலை சீல் குத்திக் கிடக்கு. ஊரிலை பேனையாலை கிறுக்கின தாளையே கடைக்காரன் வாங்கமாட்டான். உப்பிடியே விக்கக் கொண்டுபோனா வெள்ளைக்காரன் சிரிப்பான்."

"அப்ப என்ன செய்யிறது?"

"நீங்கள் கழுவாத கறையோ?"

அந்தப் புகழ்ச்சி போதுமாயிருந்தது. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அழிறப்பர், சவர அலகு, பஞ்சில் தொட்ட ஜாவெல் வெளுப்புத் தண்ணீர். முத்திரை போயிற்று. ராசாவின் தாடியில் ஒரு மயிர் கலையவில்லை. தன் வாழ்நாளில் அவர் செய்த மிகச் சிறந்த வேலை அது.

பழந்தாள் வியாபாரி உருப்பெருக்கியை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"சுரண்டியிருக்கிறீர்கள், ஐயா. அந்த மேலச்சுக்குத்தான் விலை. இருந்திருந்தால் இரண்டாயிரம் யூரோ தந்திருப்பேன்."

"இப்ப?"

"முப்பது."

அந்த அச்சைத் திரும்பவும் குத்தலாமா என்று வரதராசா தன் குசினிப் பிரெஞ்சில் கேட்டார். அதற்குச் சிறை என்றார் வியாபாரி, மிகவும் மரியாதையாக.

முப்பது யூரோவுக்குப் பல் கிடையாது. ஒரு கழுத்துப்பட்டி கிடைத்தது. லா கூர்னெவ் கலியாண மண்டபத்தில் அதைக் கட்டிக்கொண்டு, காலையிலிருந்து உதடு பிரியாமல் நின்றார். மாப்பிள்ளை வீட்டார் வணக்கம் சொன்னார்கள், தலையசைத்தார். சிரிக்கப் பகிடி விட்டார்கள், கூரையைப் பார்த்தார்.

மாப்பிள்ளையின் தாய் கோசலை மருமகளின் காதுக்குள் குனிந்தாள்.

"உன்ரை அப்பாவுக்கு என்ன பெருமை, பிள்ளை! எங்களோடை கதைச்சா மதிப்புக் குறைஞ்சுபோகுமாக்கும்."

லக்சிகா தகப்பனைப் பார்த்தாள். உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

"ஓம் மாமி," என்றாள். "அவர் அப்பிடித்தான்."