கிட்டங்கி முற்றத்தில் என் முதல் நாடகம்

வாரம் முழுக்க ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ராஜபாளையத்துக்கு பஸ் ஏறிவிடுவேன். நூற்பாலையில் வேலை செய்த பெண்களுக்கு அங்கே சபையின் பள்ளிக்கூடத்தில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்து வந்தேன். யுத்தகாலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியை எரித்த புகையில் ஓடின. போய் இறங்குவதற்குள் சேலையெல்லாம் புகைவாடை ஏறிவிடும்.

அந்த வருஷம் சபையில் அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் வகுப்பு ஒரு நாடகம் போடுவது என்று முடிவானது. நானே எழுதினேன். பதிமூன்று வயது மகளின் படிப்பை நிறுத்திவிட்டு அப்பா கல்யாணம் பேசுகிறார், அம்மா மறுக்கிறாள். அவ்வளவுதான் கதை. எழுதிவிட்டேனே தவிர, அதை மேடையில் எப்படி நடத்துவது என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று ஒத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை.

மில்லில் மிஷின் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்த ஒருவர் இளவயதில் நாடகங்களில் பெண்வேஷம் கட்டியவர். செய்தி கேட்டதும் ஒரு சேலையோடு வந்து நின்றார். அம்மா வேஷம் தனக்குத்தான் என்பது அவர் எண்ணம். நான் அதை நூல் சுற்றும் பகுதியில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கும், மகள் வேஷத்தை வகுப்பில் ஒருத்தியின் சின்ன மகளுக்கும் கொடுத்திருந்தேன்.

“பொம்பளை வேஷத்தைப் பொம்பளையே போட்டா அதுல என்னம்மா நடிப்பு இருக்கு?” என்றார்.

“அப்ப நீங்க ஆம்பளை வேஷம் போட்டா அதுலயும் நடிப்பு இருக்காதா?”

சேலையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “சரி, அப்பனா வாரேன்” என்றார்.

முதல் ஒத்திகையில் எல்லாரையும் பாடகர் குழுவைப் போல வரிசையாக நிறுத்தினேன். புருஷனும் பெண்சாதியும் சண்டை போடும்போதுகூட ஒருவரையொருவர் பார்க்காமல் எதிர்ச்சுவரிடம் பேசினார்கள். அடுத்த வாரம் வரிசையைக் கலைத்துவிட்டு, ஒவ்வொரு வசனத்தையும் நானே நடித்துக் காட்டினேன். அவர்கள் அப்படியே செய்தார்கள். மேடையில் மூன்று டீச்சர்கள் நிற்பது போல இருந்தது. எனக்கே சகிக்கவில்லை. மூன்றாவது வாரம் கூடத்தின் கடைசி வாசலில் போய் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். அப்போதுதான் யார் யாரை மறைக்கிறார்கள், எந்தச் சொல் கடைசி வரிசைவரை வராமல் நடுவழியில் விழுகிறது என்று தெரிந்தது.

அம்மா “முடியாது” என்று சொல்லும் இடம் மட்டும் கூடிவரவில்லை. இன்னும் சத்தமாக, இன்னும் சத்தமாக என்று விரட்டினேன். அந்தப் பெண் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“டீச்சர், மில்லுல மிஷின் சத்தத்துல எம்புட்டு கத்துனாலும் கேக்காது. நாங்க மூஞ்சியையும் கையையும் பாத்துத்தான் பேசிக்கிடுவோம். அப்படிச் செஞ்சு காட்டட்டுமா?”

செய்து காட்டினாள். மகள் கையிலிருந்த கல்யாணச் சேலையை வாங்கினாள். அவசரப்படாமல் மடித்தாள். புருஷன் மடியில் வைத்தாள். அவரை நேராகப் பார்த்து, பக்கத்திலிருப்பவரிடம் பேசும் குரலில் “முடியாது” என்றாள். கடைசி வாசலில் இருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதற்கு முன்னால் நான் எழுதிவைத்திருந்த எட்டு வரி வசனத்தை அங்கேயே அடித்துவிட்டேன்.

பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது சபைக் கமிட்டியின் செயலாளர் ஒத்திகை பார்க்க வந்தார்.

“ஏம்மா, குடும்பப் பொம்பளையை மேடையில ஏத்துதது சபைக்கு அழகா? அந்த மறுத்துப் பேசுத இடத்தையும் எடுத்துருங்க.”

“அதை எடுத்தா நாடகமே இல்லீங்க ஐயா.”

“அப்ப நாடகமே வேண்டாம்.”

அடுத்த ஞாயிறு போனால் பள்ளிக்கூடக் கதவில் பூட்டு. அந்தப் பெண்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பிட்டர் எங்கேயோ போய்விட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பினார். பருத்திக் கொட்டை பிரிக்கும் ஆலை முதலாளி, பஞ்சுப் பொதிகளைச் சேர்த்துவைக்கும் தன் கிட்டங்கியின் முற்றத்தைத் தருகிறாராம். ஒரே நிபந்தனை, அவர் வீட்டுப் பெண்களுக்கு முன்வரிசையில் இடம் வேண்டும்.

மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டால் விளக்குக்கு வழியில்லை. அதற்கடுத்த ஞாயிறு பகல் நாலு மணிக்கு நடத்தினோம். முந்தின நாளே பஸ் ஏறி, அதே நேரத்துக்குப் போய் வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்து, கூட்டத்தின் முதுகுப் பக்கம் சூரியன் இருக்கும்படி மேடையின் இடத்தை மாற்றினேன். பஞ்சுப் பொதிகளை அடுக்கி மேலே பலகை பரப்பியதுதான் மேடை.

முற்றம் நிறைந்துவிட்டது. செயலாளரும் வந்து ஓரமாக நின்றார். அம்மா சேலையை மடித்துக்கொண்டிருந்தபோது கூட்டத்திலிருந்து ஒரு குரல், “ஏட்டி, வீட்டுக்குப் போயி சோத்தைப் பொங்கு” என்றது. சிலர் சிரித்தார்கள். அவள் கை நின்றது. வசனம் மறந்துவிட்டதோ என்று மேடைக்குப் பக்கத்தில் நின்ற நான் நோட்டைப் பிரித்தேன். அவள் குரல் வந்த திசையைப் பார்த்தபடி காத்திருந்தாள். சிரிப்பு அடங்கியது. முன்வரிசைப் பெண்கள் திரும்பி அந்த ஆளைப் பார்த்தார்கள். நான் நோட்டை மூடிவிட்டேன். மேடையில் இருப்பது இனி என் கையில் இல்லை, அவள் கையில் என்று விளங்கியது. மடிப்பை முடித்து, புருஷன் மடியில் வைத்து, “முடியாது” என்றாள். முற்றத்தில் ஒரு குழந்தைகூட அசையவில்லை.

மறுவாரம் கமிட்டி என்னைக் கூப்பிட்டு மன்னிப்புக் கடிதம் கேட்டது. அங்கேயே உட்கார்ந்து இப்படி எழுதினேன்: இரண்டாம் காட்சி இழுவையாக இருந்தது. அப்பா பேசும்போது மகளை மறைத்துக்கொண்டு நின்றார், அதை நான் கவனித்துத் திருத்தவில்லை. இவ்விரு குறைகளுக்காகவும் வருந்துகிறேன், வேறு எதற்கும் வருந்தவில்லை. செயலாளர் இரண்டு தடவை படித்துவிட்டு, “இது கடிதமாம்மா?” என்றார். “ஆமாங்க ஐயா” என்றேன்.

ஞாயிறு வகுப்பிலிருந்து என்னை நீக்கினார்கள். அந்தப் பெண்கள் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு கிட்டங்கி முற்றத்துக்கே என்னிடம் படிக்க வந்துவிட்டார்கள். அடுத்த வருஷம் அங்கேயே போட்ட நாடகத்தில் நாலு பெண்கள் நடித்தார்கள்.