கீழே ஒன்று, மேலே நாலு

இரவல் வண்டியின் சாவியை நீட்டும் யாரும் "பாத்து" என்ற வார்த்தையைச் சேர்க்காமல் கொடுத்ததில்லை. ஆண்களுக்கு ஒரு "பாத்து" என்றால் எனக்கு நாலு. க்ளட்ச்சைப் பாத்து, பிரேக்கைப் பாத்து, திருப்பும்போது பாத்து, நிறுத்தும்போது பாத்து. பதினொரு வருஷமாகக் கடலூரில் கியர் வண்டி ஓட்டுகிறவளிடம் இதைச் சொல்கிறோமே என்று ஒருத்தருக்கும் தோன்றாது. எனக்கோ பற்றிக்கொண்டு வரும்.

என் வண்டி, அண்ணன் ஓட்டிப் பழசாக்கிய நூறு சி.சி. வண்டி. அவன் புதுசு எடுத்தபோது நான் வாங்கிக்கொண்டேன். அதில் பெட்ரோல் முள் எப்போதோ செத்துவிட்டது. வண்டியை ஒரு ஆட்டு ஆட்டி, டேங்க்குக்குள் கேட்கும் சத்தத்தை வைத்தே பண்ருட்டி வரை தாங்குமா என்று சொல்லிவிடுவேன். நியூட்ரல் விளக்கும் எரியாது. எனக்கு விளக்கு தேவையும் இல்லை. அந்த வண்டியில் முன்னால் மிதித்தால் கியர் ஏறும், குதிகாலால் பின்னால் மிதித்தால் இறங்கும். நாலாவது கியரிலேயே வந்து நின்றுவிட்டாலும் கவலை கிடையாது, முன்னால் இன்னொரு மிதி மிதித்தால் 'தடக்' என்று நியூட்ரலில் விழும். அந்தத் 'தடக்' பாதத்தில் தெரிந்ததும் க்ளட்ச்சை விட்டுவிடுவேன்.

வீட்டுக்காரருக்கு சிப்காட்டில் வேலை. காலை ஷிப்ட் மதியம் இரண்டு மணிக்கு விடும். நான் வீட்டில் இருக்கும் நாட்களில் கேட்டுக்குப் போய் அவரை ஏற்றிக்கொண்டு வருவேன். ஏறி உட்கார்ந்த இரண்டாவது நிமிஷம் அவருடைய ஹெல்மெட் என் முதுகில் வந்து முட்டும். அவ்வளவுதான், தூங்கிவிடுவார். முதுநகர் பாலம், லாரி ஹாரன், எதுவும் அவரை எழுப்பாது. ஆரம்பத்தில் ஒருநாள் பயந்துபோய், "விழுந்து வைக்கப் போறீங்க" என்று சத்தம் போட்டேன். "நீதான ஓட்டுற" என்று சொல்லிவிட்டு மறுபடியும் முட்டிக்கொண்டார். எனக்கு அன்றைக்கு உள்ளூரப் பெருமை பிடிபடவில்லை.

நான் ஒரு விதைக் கம்பெனியில் அஞ்சு வருஷமாகத் தற்காலிக ஆள். சிதம்பரம் வரை பஸ், அங்கிருந்து மினி பஸ் பிடித்து குமராட்சிப் பக்கம் வயல் வயலாகப் போய் நாற்றைப் பார்த்துக் குறிப்பெடுப்பது என் வேலை. கடைசி மினி பஸ்ஸை விட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்து அழுத நாட்களும் உண்டு. இந்த வருஷம்தான் ஃபீல்டு ஆபீசர் இடம் ஒன்று காலியானது. நிரந்தர வேலை. மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார்:

"கம்பெனியே வண்டி குடுக்கும் மேடம். ஆனா கியர் வண்டி. அடுத்த மாசக் கடைசிக்குள்ள கியர் லைசென்ஸ் காட்டலன்னா லிஸ்ட்ல அடுத்த ஆளுக்குப் போயிடும்."

என்னிடம் இருந்தது கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸ். ஸ்கூட்டி கற்றுக்கொண்ட காலத்தில் எடுத்தது. அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் கியர் வண்டி ஓட்டினேன். தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். கேட்ட மறுநாளே எல்.எல்.ஆர். போட்டுவிட்டேன். ஆதாரில் மாமியார் வீட்டு முகவரி என்பதால் டெஸ்ட் சிதம்பரத்தில்.

டெஸ்ட்டுக்கு என் வண்டியைக் கொண்டுபோக வழியில்லை. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டி, ஆர்.சி. புக்கைப் புதுப்பிக்கக் கொடுத்து இன்னும் கைக்கு வரவில்லை. காகிதம் இல்லாத வண்டியில் எட்டு போட விடமாட்டார்கள். அதனால் என்ன, ஓட்டத் தெரிந்தவளுக்கு எந்த வண்டியாக இருந்தால் என்ன என்று அங்கேயே இருக்கும் கொழுந்தனாரின் வண்டியை டெஸ்ட் அன்று காலையில் வாங்கிக்கொண்டேன். பெரிய வண்டி. சீட்டில் உட்கார்ந்தால் கட்டைவிரல்தான் தரையைத் தொட்டது.

"அண்ணி, கீழ ஒண்ணு, மேல நாலு. ஃபர்ஸ்ட்டுக்கு மட்டும் அழுத்துங்க, மத்ததுக்கெல்லாம் காலை அடியில விட்டுத் தூக்கணும். நியூட்ரல் ஃபர்ஸ்ட்டுக்கும் செகண்டுக்கும் நடுவுல இருக்கு, லேசாத் தட்டணும். பாத்து அண்ணி."

"தெரியும் தம்பி" என்றேன். தெரியத்தான் தெரியும். தலைக்குத் தெரிந்தது காலுக்குத் தெரியவில்லை.

எட்டை நன்றாகவே போட்டேன். முதல் கியரிலேயே, கால் ஊன்றாமல், கோட்டை மிதிக்காமல் சுற்றி வந்தேன். எனக்கு முன்னால் போன இரண்டு காலேஜ் பையன்களும் கால் ஊன்றினார்கள். இன்ஸ்பெக்டர், "அப்படியே நேரா போயிட்டுத் திரும்பி வந்து நிறுத்துங்க மேடம்" என்றார். போனேன். காலைத் தூக்கி இரண்டாவது கியரும் போட்டேன். திரும்பி வந்து அவருக்கு முன்னால் நிறுத்தினேன். நிறுத்தியதும் கால் தன்பாட்டுக்கு, பதினொரு வருஷமாகச் செய்ததைச் செய்தது. முன்னால் ஒரு மிதி. 'தடக்.' க்ளட்ச்சை விட்டேன்.

அந்த வண்டியில் அந்தத் 'தடக்' நியூட்ரல் இல்லை, முதல் கியர். வண்டி ஒரு துள்ளு துள்ளி, பிளாஸ்டிக் கூம்பை இடித்து, அணைந்து, என் மேலேயே சாய்ந்தது. கட்டைவிரலால் எவ்வளவு தாங்க முடியும்? பையன்கள் ஓடிவந்து தூக்கினார்கள்.

"வண்டி ஓட்டவே தெரியலையே மேடம். ஒரு வாரம் கழிச்சி நல்லாக் கத்துக்கிட்டு வாங்க" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் திட்டவில்லை, கனிவாகத்தான் சொன்னார். அந்தக் கனிவுதான் எனக்குத் தாங்கவில்லை. என் வண்டியில் ஒருதரம் வந்து பின்னால் உட்கார்ந்து பாருங்கள் என்று கத்த வேண்டும் போலிருந்தது. முட்டிச் சிராய்ப்போடு, வண்டியைக் கொழுந்தனாரிடம் ஒப்படைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

மாசக் கடைசிக்குள் இன்னும் ஒரே ஒரு டெஸ்ட்டுக்குத்தான் நாள் இருந்தது.

வீட்டுக்காரர் யோசனை சொன்னார். "ரெண்டையும் மாத்தி மாத்தி ஓட்டுனா கால் குழம்பும். ஒரு வாரம் நம்ம வண்டியத் தொடாத." அப்படியே வண்டியை மாற்றிக்கொண்டோம். கொழுந்தனாரின் வண்டி கடலூருக்கு வந்தது, என் வண்டி சிதம்பரத்துக்குப் போனது. மறுநாளே அவர் போன் பண்ணினார்: "என்னா அண்ணி இது, ஏத்துனா எறங்குது, எறக்குனா ஏறுது? கீழ வீதியில நடு ரோட்டுல நின்னுட்டேன்." எனக்குச் சிரிப்பும் வந்தது, என் வண்டியை அவர் குறை சொன்னதில் கோபமும் வந்தது. "பாத்து ஓட்டுங்க தம்பி" என்றேன். அந்த வாரத்தில் கிடைத்த ஒரே சந்தோஷம் அது.

தினமும் காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரை ரோட்டில் போய் ஓட்டினேன். கீழே ஒன்று, மேலே நாலு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். நடைபயிற்சி போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செருப்புக் காலால் கியரைத் தூக்கித் தூக்கி இடது கால் விரல்களின் மேல்பக்கம் கறுத்துக் கன்றிப்போனது. எத்தனை தடவை தப்பாக மிதித்தேனோ, அத்தனை தடவையும் என் காலையே திட்டினேன். சோறு வடிக்கும்போதுகூட இடது கால் தரையில் கியர் போட்டுக்கொண்டிருந்தது. மறக்கவேண்டியதை மறக்கடிக்க இவ்வளவு பாடா என்று அடுப்படியிலேயே எரிச்சலில் கரண்டியை எறிந்தேன்.

இரண்டாவது டெஸ்ட்டில் பாஸ். எட்டு போட்டேன், நேராகப் போனேன், வந்து நிறுத்தினேன், பச்சை விளக்கைப் பார்த்து லேசாகத் தட்டி நியூட்ரலில் வைத்தேன். இன்ஸ்பெக்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "இப்பதான் ஓட்டுறீங்க" என்றார். ஜாஸ்தி பேசாமல் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வேலை எனக்கே கிடைத்தது. கம்பெனி கொடுத்த வண்டியும் கீழே ஒன்று, மேலே நாலுதான். குமராட்சிப் பக்கம் இப்போது மினி பஸ்ஸுக்காகக் காத்திருப்பதில்லை.

ஃபீல்டு ஆபீசராகச் சேர்ந்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, கொழுந்தனாரிடமிருந்து திரும்பி வந்திருந்த என் வண்டியை எடுத்துக்கொண்டு சிப்காட் கேட்டுக்குப் போனேன். அன்றைக்கு வீட்டுக்காரருக்கு ஷிப்ட் இருந்தது. போகும்போது ரோடு காலியாக இருந்தது, மெதுவாகவே போனதில் கால் குழம்பியது தெரியவில்லை. அவர் ஏறினார். வழக்கம்போல ஹெல்மெட் முதுகில் முட்டியது. இரண்டாவது கியரில் வேகம் எடுத்து மூன்றாவதுக்குப் போகக் காலை அடியில் விட்டுத் தூக்கினேன். என் வண்டியில் தூக்கினால் கியர் இறங்கும். இன்ஜின் அலறியது, வண்டி ஒரு வெட்டு வெட்டியது, அவருடைய ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் மடாரென்று மோதியது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனில் கைவைத்துவிட்டு எடுக்கவே இல்லை. ஓரம் கட்டினேன். அங்கேயும் நியூட்ரல் சிக்கவில்லை. வண்டி இன்னொரு துள்ளு துள்ளி அணைந்தது.

"என்னா ஆச்சி?" என்றார்.

"கால் மாறிப்போச்சி."

அவர் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டார். மறுபடியும் கிளப்பினேன். இந்த முறை ஒவ்வொரு கியரையும் யோசித்து யோசித்து மிதித்தேன், புதிதாக வண்டி பழகுகிறவள் மாதிரி. என் சொந்த வண்டி. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

முதுநகர் பாலம் ஏறும்போதுதான் முதுகில் ஹெல்மெட் முட்டவில்லை என்பது உறைத்தது. கண்ணாடியில் பார்த்தேன். நிமிர்ந்து உட்கார்ந்து, பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் தோளுக்கு மேலாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம் வளைவில் ஒரு பஸ் வந்தது. நான் காலைக் கியரில் வைத்தேன்.

"பாத்து" என்றார்.