சக்கர நாற்காலியை நாகர்கோவிலுக்கு அனுப்பியது

அப்பா போன பிறகு அவருடைய சக்கர நாற்காலி எங்கள் மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் மூன்று மாதம் கிடந்தது. அம்மா அதன் மேல் துணியைக் கூடக் காயப்போட மாட்டாள். அதைச் சுற்றிக்கொண்டு போவாள். எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். தெருவில் இரண்டு பேரிடம் விற்கப் பார்த்தேன். "யார் உபயோகிச்சது?" என்று கேட்டார்கள். சொன்னதும் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அப்போதுதான் தி. நகரில் பிரவுசிங் சென்டர்கள் முளைத்திருந்தன. பழைய சாமான்களை இலவசமாக விளம்பரம் செய்யலாம் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். நானே போய் ஒற்றை விரலால் தட்டிப் போட்டேன். சக்கர நாற்காலி, மடக்கலாம், நல்ல நிலை. யார் உட்கார்ந்தது என்று இன்டர்நெட்டில் யாரும் கேட்பதில்லை.

பத்து நாள் கழித்து நாகர்கோவிலில் இருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் எழுதினார். அவர் மனைவிக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. ஒரு வருஷமாக வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அடுத்த புதன்கிழமை காலை பெண்ணுக்குக் கல்யாணம். நாற்காலி வந்தால் மண்டபத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் மேடைக்குப் பக்கத்தில் வைத்துவிடலாம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "செவ்வாய்க்குள் வந்துவிடுமா?" வரும் என்று எழுதினேன். யாரைக் கேட்டு எழுதினேன்? யாரையும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு எதில் அனுப்புவது என்று அலைந்தேன். தபால் ஆபீஸில் பார்சல் கவுன்டர்காரர் நான் சொன்ன அளவுகளைக் கேட்டுவிட்டுத் தலையைத் தூக்காமலே சொன்னார்.

"சக்கரத்தைக் கழட்டணும். எல்லாத்தையும் துணியில சுத்தித் தெச்சு, அரக்கு வெச்சுக் கொண்டாங்க."

"நாற்காலியைத் துணியில தெக்கறதா?"

"மெத்தையே தெச்சுக் கொண்டாராங்க சார். அப்பறம் எடை ஜாஸ்தின்னா எடுக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

கூரியர் கடையில் ஒரு பெண், எடைக்கு இல்லை, அடைக்கிற இடத்துக்குத்தான் கட்டணம் என்றாள். அவள் சொன்ன தொகைக்குப் புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாம். லாரி பார்சல் சர்வீஸில் இரண்டு நாளும் ஆகலாம், நாலு நாளும் ஆகலாம் என்றார்கள். கடைசியாக ஆம்னி பஸ் புக்கிங். பனியனோடு உட்கார்ந்திருந்தவன் சிரித்தான்.

"இன்னா சார் இதுக்குப் போயி இவ்ளோ யோசிக்கிறே? சாயங்காலம் மேல ஏத்திக் கட்டுனா காலைல நாகர்கோயில்ல கீது. அந்த ஆளு வந்து எறக்கிக்கினு போவட்டும்."

"ரசீது?"

"சீட்டு எழுதித் தரேன். கேரண்டி கீரண்டின்னு கேக்காதே."

பஸ்தான் சரி. அது எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், தெரியாமல் தப்பு செய்தேன் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேசக் கூடாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாற்காலியை வாசல் வரை தள்ளினேன். அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஆத்து சாமானை வெளில அனுப்புவாளா? மூணு மாசம் இருந்தது, ஒரு நாள் இருக்கட்டும்."

ஒரு நாள் இருக்கட்டும் என்று விட்டேன். சனிக்கிழமை, "இரும்பு. சனிக்கிழமை இரும்பு வாங்கினா அவாளுக்கு ஆகாது. கல்யாணப் பொண்ணு இருக்கற எடம்டா" என்றாள். யாரென்றே தெரியாத பெண்ணின் மேல் அவ்வளவு அக்கறை. ஞாயிற்றுக்கிழமை அஷ்டமி. கிழிக்கிற காலண்டரைக் கொண்டுவந்து காட்டினாள். திங்கட்கிழமை நவமி.

"நவமியாவது மண்ணாங்கட்டியாவது" என்று கத்திவிட்டு மூணு சக்கர மீன்பாடி வண்டியைக் கூப்பிட்டு நாற்காலியை ஏற்றினேன். ஆனால் ஒன்பது மணி ஆன பிறகுதான் ஏற்றினேன். ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம். அம்மா அதைச் சொல்லவே இல்லை. நானாகத்தான் காத்திருந்தேன். நாலு நாளும் அம்மா மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தேனே, அவள் சொன்னது ஒவ்வொன்றும் எனக்குள்ளும் இருந்ததுதான். இல்லாவிட்டால் நாற்பது வயதுக்காரனை ஒரு காலண்டர் தாள் நிறுத்துமா?

பஸ்காரன் கையை விரித்தான். "இன்னிக்கும் ரொப்பியாச்சு, நாளிக்கும் ரொப்பியாச்சு. முகூர்த்தம் சார். மேல பூரா அண்டா, குண்டான், சீர் பீரோ. உன் சேரை எங்க வெக்கறது, டிரைவர் மடிலயா?"

"வெள்ளிக்கிழமை இடம் இருந்துதே?"

"வெள்ளிக்கிழமை நீ வர்லியே."

வண்டியை லாரி பார்சல் சர்வீஸுக்கு விடச் சொன்னேன். அங்கே குமாஸ்தா நல்ல மாதிரியாகப் பேசினார். அன்றைக்கே லோடு கிளம்புகிறது, செவ்வாய் சாயங்காலம் நாகர்கோவில் குடோனில் இறங்கிவிடும் என்றார். கார்பன் வைத்து எழுதிய ரசீதை நீட்டினார். நாற்காலி தொலைந்தால் இவர்கள் கழுத்தைப் பிடிக்க இது போதும் என்று பத்திரமாகப் பர்ஸில் மடித்து வைத்துக்கொண்டேன். பிரவுசிங் சென்டருக்குப் போய் வாத்தியாருக்குக் குடோன் விலாசத்தையும் என் போன் நம்பரையும் அடித்தேன். அதுவரை செய்ததையெல்லாம் சரிக்கட்டிவிட்டதாக நினைப்பு. அன்றைக்கு மத்தியானம் நன்றாகவே சாப்பிட்டேன்.

அந்தக் குமாஸ்தா பொய் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்குப் போன் வந்தது. பக்கத்தில் லாரிச் சத்தம்.

"சார், நாகர்கோயில்ல இருந்து பேசுகேன். நாற்காலி வந்தாச்சு. கண்ணால பாத்துட்டேன். தரமாட்டேங்கான்."

"ஏன்?"

"ரசீது கேக்கான். ஒரிஜினல் ரசீது. அது ஒங்ககிட்டல்லா இருக்கு?"

பர்ஸில்தான் இருந்தது. தபாலில் அனுப்பினால் ரசீது அனுப்பினவனுக்கு, சாமான் விலாசத்தில் இருக்கிறவனுக்கு. எனக்குத் தெரிந்த வழக்கம் அவ்வளவுதான். லாரியில் அப்படி இல்லை. தாள் யார் கையில் இருக்கிறதோ அவனுக்குத்தான் சாமான். ரசீதின் அடியில் அது பொடி எழுத்தில் இருந்தது. அப்புறம் படித்தேன்.

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி ரசீதை ஃபேக்ஸ் செய்தேன். குடோன் மேனேஜரிடமும் பேசினேன். "நான் அனுப்பினவன், நானே சொல்றேன், குடுங்க சார், நாளைக்கு அவங்க வீட்டுல கல்யாணம்" என்றேன்.

"சார், கோவப்படாதீங்க. நாளைக்கு வேற ஒருத்தன் ஒரிஜினலோட வந்து நின்னா நான் எங்க போவேன்? மெட்ராஸ் ஆபீஸ்ல இருந்து சொல்லச் சொல்லுங்க, குடுக்கேன்."

ஆட்டோ பிடித்து மெட்ராஸ் ஆபீஸுக்குப் போனேன். ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கத்து டீக்கடைக்காரர் ஏழு மணிக்கெல்லாம் போய்விடுவார்கள் என்றார். மேனேஜர் வீடு யாருக்கும் தெரியவில்லை. ஷட்டரைக் காலால் உதைத்தேன். நாய் ஒன்று எழுந்து போனது. வேறொன்றும் ஆகவில்லை.

முகூர்த்தம் காலை ஆறு மணிக்கு மேல். அதற்குள் அந்தத் தாளை அங்கே கொண்டு சேர்க்க எந்த சர்வீஸும் கிடையாது. வீட்டுக்கு வந்ததும் "என்னடா ஆச்சு?" என்று அம்மா கேட்டாள். "போய்ச் சேர்ந்துடுத்து" என்றேன். பொய்யும் இல்லை.

ரசீதை மறுநாள் கூரியரில் அனுப்பினேன். அதற்கு அடுத்த வாரம்தான் பிரவுசிங் சென்டருக்குப் போக எனக்குத் தைரியம் வந்தது. வாத்தியார் எழுதியிருந்தார். திட்டியிருந்தால் தேவலை. நாற்காலியை வெள்ளிக்கிழமை எடுத்துவிட்டாராம். கல்யாணத்தன்று நாலு பேர் பிளாஸ்டிக் சேரில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகத் தயாராக நின்றார்களாம். சம்பந்தி வீட்டார் எதிரில் அப்படிப் போய் இறங்க மாட்டேன் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டாராம். பக்கத்து வீட்டுக்காரி துணைக்கு இருந்தாளாம். தாலி கட்டும் நேரத்தில் மண்டபத்து ஆபீஸ் போனில் இருந்து வீட்டுக்குப் போட்டு, ரிசீவரை மேடைப் பக்கம் நீட்டிப் பிடித்தார்களாம். கெட்டிமேளம் மட்டும் கேட்டதாம். பிறகு லைன் போய்விட்டதாம். பெண் அன்று சாயங்காலமே மாப்பிள்ளையோடு பம்பாய்க்கு ரயில் ஏறிவிட்டாள் என்று முடித்திருந்தார்.

பதில் எழுத ஆரம்பித்தேன். வெள்ளி, சனி, அஷ்டமி, நவமி என்று காரணங்களை ஒவ்வொன்றாக எழுதினேன். எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே அருவருப்பாக இருந்தது. அழித்தேன். மன்னிக்கவும் என்று எழுதினேன். அதையும் அழித்தேன். அந்த அம்மாளுக்கு என் மன்னிக்கவும் எதற்கு?

"அரை மணி ஆயிடுச்சு சார், கன்டினியூ பண்றீங்களா?" என்று கவுன்டரில் இருந்த பெண் கேட்டாள்.

இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அவருக்கு நான் எழுதவே இல்லை.